சான் திபுர்சியோ கழகத்தின் முழு வரலாறும் ஒரு தாழ்ப்பாளும்

ஞாயிற்றுக்கிழமை இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. முதலில், துருப்பிடித்த இரும்பு இன்னொரு துருப்பிடித்த இரும்பைத் திட்டுவதுபோல ஒரு கிறீச். அப்புறம் ஒரு டக். அப்புறம் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு சரளைக்கல்லில் பூட்ஸ் தேய நடந்துபோகிற ஓசை.

ஒதிலியா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஓசை அடங்கியதும் எழுந்துபோய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். வெளியே தாழிடப்பட்டிருந்தது.

பேயின் வேலையாக இருந்தால், கன்னியர் மடத்துப் பள்ளியில் கற்ற ஜெபம் ஒன்றைச் சொல்லி ஓட்டியிருக்கலாம். ஆனால் இது நிர்வாகத்தின் வேலை. ஆகையால் விடியும்வரை காத்திருந்தாள்.

சான் திபுர்சியோ கால்பந்துக் கழகத்தின் மைதானத்தைப் பார்த்துக்கொள்வது ஒதிலியாவின் உத்தியோகம். பதினோரு சட்டைகளைத் துவைப்பாள், சுண்ணாம்புக் கோடு போடுவாள், வாசலைத் திறப்பாள், பூட்டுவாள். புருஷன் வேலை தேடி வடக்கே போனவன். சிக்னல் கிடைக்கிற ஞாயிறுகளில் கூப்பிடுவான். கழகம் அவள்மேல் இரக்கப்பட்டு, பாதிச் சம்பளத்துக்குப் பதிலாக கேலரிக்கு அடியில் இருந்த ஓர் அறையைக் குடியிருக்கக் கொடுத்திருந்தது. அது நடுவர் அறை.

நடுவர் அறைக்கு ஒரு மரபு உண்டு. சான் திபுர்சியோ மக்கள் நடுவரை அடிப்பதில்லை. அதற்கு முன்பே போலீஸ் அவரை அறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டுவிடும். ஒரு காலத்தில் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. ஆனால் நடுவர்கள் ரோஷக்காரர்கள். கால் மணி நேரத்தில் தாங்களே திறந்துகொண்டு வந்து, ஏன் அது ஆஃப்சைட் என்று ஜனங்களுக்கு விளக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் ஏற்பட்ட வைத்தியச் செலவை உத்தேசித்து, தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போனது. ஊர் குடித்தது தெளிந்து, விடிந்து, கோழி கூவிய பிறகுதான் திறப்பார்கள்.

இதெல்லாம் பழைய கதை. எட்டு வருஷமாக எந்த நடுவரும் அங்கே தங்கியதில்லை. இப்போதைய நடுவர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, ஓடுகிற மோட்டார் சைக்கிளின்மேல் உட்கார்ந்தபடிதான் கடைசி விசிலையே ஊதுகிறார்கள். ஆனால் காவல் நிலையத்துப் பணிப் பதிவேட்டில், “ஆட்டம் முடிந்த அன்று இரவு நடுவர் அறை தாழிடப்பட வேண்டும்” என்ற வரி இருக்கிறது. ஏட்டு ஹெர்மினியோ கடமை தவறாதவர். உள்ளே நடுவர் இருக்கிறாரா, நல்ல பாம்பு இருக்கிறதா, பச்சைக் குழந்தை இருக்கிறதா என்று பார்க்கும்படி பதிவேட்டில் எழுதியிருக்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

அதற்கு முந்திய ஆட்டத்தன்று குழந்தை நியெவெஸுக்கு ஜுரம் கொதித்தது. ஒதிலியா விடிய விடியக் கதவைத் தட்டினாள். கத்தினாள். காலையில் ஏட்டு வந்து, நல்ல காரியம் செய்த முகத்தோடு தாழை நீக்கினார்.

“ராத்திரி பூரா தட்டினேனே ஏட்டய்யா! காதுல விழலையா?”

“விழுந்துச்சும்மா. நல்லாவே விழுந்துச்சு.”

“அப்புறம் ஏன் தொறக்கல?”

“உள்ளருந்து தட்டினா தொறக்கக் கூடாதுன்னுதான் உத்தரவே. தட்டாத ரெஃப்ரி எவனாவது உண்டா? சொல்லு.”

குழந்தை பிழைத்தது. கன்னிமரியாளின் கருணையாக இருக்கலாம். கழகத்தின் கருணை இல்லை என்பது நிச்சயம். அன்றிலிருந்து ஒதிலியாவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான். அந்தத் தாழ்ப்பாள் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். நான்கு அங்குல இரும்பு நான்கு அங்குல மரத்தைக் கடந்து வந்தால் போதும்.

திங்கட்கிழமை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிர்வாகக் குழுவைப் பார்க்கப் போனாள். நிர்வாகக் குழு என்பது இரண்டு பேர். தலைவர் தோன் அனாக்லெத்தோ அரிசி ஆலை முதலாளி. குழு கூடுவதும் ஆலையின் எடைமேடை அறையில்தான். செயலாளர் லிசென்சியாதோ பால்மா. சட்டப் படிப்பை முடித்தாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் லிசென்சியாதோ என்ற வக்கீல் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு நாளும் தவறியதில்லை. அவரிடம் நான்கு ரப்பர் ஸ்டாம்புகள் இருந்தன.

“தாழ்ப்பாளா? எந்தத் தாழ்ப்பாள்?” என்றார் தோன் அனாக்லெத்தோ.

“என் ரூம் தாழ்ப்பாள், முதலாளி. அதக் கழட்டி உள்பக்கமா மாட்டிக்க அனுமதி வேணும். ராத்திரியில குழந்தைக்கு ஏதாவது ஒண்ணுன்னா…”

“உன் ரூமா? அது ரெஃப்ரி ரூம் இல்ல?”

“ரெஃப்ரி வந்து எட்டு வருஷமாச்சு, முதலாளி.”

“திடீர்னு வந்துட்டா அவன எங்க போட்டு அடைக்கிறது? என் வீட்டுலயா?”

லிசென்சியாதோ பால்மா விரலை உயர்த்தினார். “அதோட இன்னொரு சிக்கல். அந்தத் தாழ்ப்பாள் ஒரு பாரம்பரியச் சின்னமாக்கூட இருக்கலாம். இருக்கா இல்லையான்னு கழகத்தோட வரலாற்றப் புரட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

“அந்த வரலாறு எங்க இருக்கு, லிசென்சியாதோ?” என்றார் தலைவர்.

“இன்னும் எழுதல.”

எழுதவேண்டிய அவசியம் அந்த வாரம்தான் வந்திருந்தது. தலைநகரத்தில் அப்போது வரலாற்று மோகம் ஒரு காய்ச்சல் மாதிரி பரவியிருந்தது. ஓட்டை விழுந்த பழைய ஜெர்ஸி புது ஜெர்ஸியைவிட மூன்று மடங்கு விலை போயிற்று. மீசை முளைக்காத பையன்கள்கூடத் தாத்தா காலத்துத் தொப்பி போட்டுக்கொண்டு, “எங்க கழகத்தோட வேர்கள்” என்று கண்கலங்கினார்கள். மோகம் முற்றி, கால்பந்து மேன்மை வாரியம் என்று ஓர் அமைப்பு முளைத்தது. அது எல்லாக் கழகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: “வரலாறு இல்லாத கழகங்களுக்கு அடுத்த பருவத்தில் ஆட உரிமம் வழங்கப்பட மாட்டாது. வரலாறு அழகிய கையெழுத்தில், முப்பது பக்கங்களுக்குக் குறையாமல், கழகத்தின் அசையும் பெருமைகள், அசையாப் பெருமைகள் ஆகியவற்றின் பட்டியலோடு, மாத இறுதிக்குள் உருவாகி வந்து சேர வேண்டும்.”

“உனக்குக் கன்னியாஸ்திரிங்க கையெழுத்துக் கத்துக் குடுத்தாங்க இல்ல?” என்றார் தலைவர். “நீயே எழுதிடு. வரலாறு முடியட்டும், உன் தாழ்ப்பாள உடனே பரிசீலிக்கிறோம்.”

ஒதிலியா பயந்த சுபாவக்காரி. முடியாது என்று சொன்னால் அறை போய்விடும் என்று பயந்தாள். முடியும் என்று சொல்லிவிட்டு, எழுதத் தெரியவில்லையே என்றும் பயந்தாள். துவைத்த சட்டைகள் தலைக்குமேல் சொட்டிக்கொண்டிருக்க, ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து, மடத்தில் சொல்லிக்கொடுத்தபடி உண்மையை எழுதத் தொடங்கினாள். அதுதான் அவள் செய்த முதல் தவறு.

உண்மை மிகவும் சிறியதாக இருந்தது. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரியிலிருந்து பந்து ஒன்று உருண்டு விழுந்தது. ஒரு தந்தி குமாஸ்தாவும் ஒரு கசாப்புக் கடைக்காரரும் அதை எடுத்து வைத்துக்கொண்டு, லாரிக்காரன் திரும்பி வந்து கேட்டபோது, இது எங்கள் கழகத்தின் பந்து என்றார்கள். சொன்ன வாய்க்காகக் கழகம் தொடங்கவேண்டியதாயிற்று. முதல் ஆட்டத்தில் தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில், எதிரணி வந்த பஸ் ஆற்றுத் துறையில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதால் வெற்றி. அதற்கப்புறம் தலைநகரத்துப் பெரிய அணி ஒன்றோடு கோல் இல்லாமல் சமன் செய்தார்கள். ஊர் மூன்று நாள் குடித்து, கோயிலுக்குப் போகிற தெருவுக்குச் ‘சமன் தெரு’ என்று பெயர் வைத்தது. இன்றைக்கும் தபால்காரருக்கு அந்தப் பெயர்தான் தெரியும்.

மேல்பிரிவுக்கு ஏறிய கதையும் இருந்தது. எங்கள் தேசத்தில் மேல்பிரிவுக்குப் போக இரண்டு வழி. ஒன்று, ஆடி ஜெயிப்பது. இது சுற்றுவழி, வியர்க்கும். இன்னொன்று, மேலே இருக்கிற வேறு ஊர்க் கழகத்தின் இடத்தை விலைக்கு வாங்கிக்கொள்வது. வாங்கிய மறுநாளிலிருந்து அந்த ஊரில் கழகம் இருக்காது, இந்த ஊரில் இருக்கும். விற்ற ஊர்க்காரர்கள் ஒரு ஞாயிறு அழுவார்கள். மறு ஞாயிறு சேவல் சண்டைக்குப் போய்விடுவார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் தோன் அனாக்லெத்தோ அப்படித்தான் ஓர் இடத்தை வாங்கினார். எந்த ஊரிடமிருந்து என்று இப்போது அவருக்கே ஞாபகமில்லை.

எழுதியது ஒன்பது பக்கம் வந்தது. தலைவர் படித்தார்.

“என்ன புள்ள இது? பந்து லாரியிலருந்து விழுந்துச்சுன்னு எழுதியிருக்க?”

“விழுந்துச்சே, முதலாளி.”

“வரலாற்றுல பந்து விழாது. ‘நிறுவனர்களின் தொலைநோக்கில் உதித்தது’ன்னு போடு. அப்புறம் நான் எங்க?”

“ஒன்பதாம் பக்கத்துல இருக்கீங்க.”

“என்ன முதல் பக்கத்துக்குக் கொண்டு வா. ‘தலைவர் அனாக்லெத்தோ கழகத்தின் பிரிக்க முடியாத அங்கம்’. இத அசையும் பெருமைகள் பட்டியல்லயும் முதல்ல போட்டுடு.”

“பட்டியல் சாமான்களுக்குன்னு நெனச்சேன்…”

“பெருமைன்னுதான் போட்டிருக்கு. சாமான்னா போட்டிருக்கு?”

செயலாளர் இரண்டாவது அசையும் பெருமையானார். செய்தி ஊரில் பரவியது. மறுநாள் காலையில் நடுவர் அறை வாசலில் வரிசை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு புகைப்படம். மாமனார், பெரியப்பா, பந்தைக் கண்ணால் பார்த்திராத கொழுந்தனார், எல்லாரும் தொடக்ககால ரசிகர்கள். போன வருஷம் கல்யாணத்தில் எடுத்த படங்களைக் காப்பித் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்துப் பழுப்பாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த வாரம் சான் திபுர்சியோவில் குடிப்பதற்குக் காப்பித்தூள் கிடைக்கவில்லை. மலைமுழுக்கக் காப்பித் தோட்டம் இருக்கிற ஊர் அது.

ஏட்டு ஹெர்மினியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “என்னையும் ஓரமா எங்கயாவது போட்டுடும்மா. ‘கழகத்தின் நிரந்தரக் காவலர்’னு. பேரப்புள்ளைங்க படிக்கும்.”

“போடறேன் ஏட்டய்யா. வர்ற ஞாயித்துக்கிழம மட்டும் தாழ் போடாம இருப்பீங்களா?”

“அது வேற, இது வேறம்மா” என்றார் ஏட்டு, மிகுந்த வருத்தத்தோடு.

மைதான வாசலில் பலெயாதா ரொட்டி சுட்டு விற்கும் தோனா துலா மட்டும் படம் எதுவும் கொண்டுவரவில்லை. பீன்ஸும் வெண்ணெயும் தடவி மடித்த இரண்டு பலெயாதாக்களைக் கொண்டுவந்தாள். “தின்னு. காத்து அடிச்சா விழுந்துடுவ போலிருக்க. அப்படியே என் அடுப்பையும் எழுதிக்கோ. இந்த அணி ஆடுறதப் பாக்க எவன் வர்றான்? எல்லாரும் என் அடுப்பப் பாக்கத்தான் வர்றாங்க.” அது ஒன்றுதான் அந்தப் பட்டியலில் இருந்த உண்மை.

அசையாப் பெருமைகளில் இரண்டு கோல் கம்பங்களும் கேலரியின் தகரக் கூரையும் ஆட்டம் தொடங்க அடிக்கும் மணியும் சேர்ந்தன. பையன்கள் ஏறி இலவசமாக ஆட்டம் பார்க்கிற மாமரமும் சேர்ந்தது. அசையும் பெருமைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். புத்தகம் அறுபத்திநான்கு பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், ஒதிலியா ஒரு வரி சேர்த்தாள்: “கேலரிக்கு அடியில் நடுவர் அறை ஒன்று உண்டு, அதன் கதவில் ஒரு தாழ்ப்பாள் உண்டு.”

லிசென்சியாதோ பால்மா அந்த வரியில் வந்து நின்றார்.

“நாங்க ரெஃப்ரிய அடைச்சு வைக்கிற ஊருன்னு வாரியத்துக்கு நீயே எழுதிக் குடுப்பியாம்மா?”

“இல்ல லிசென்சியாதோ, தாழ்ப்பாள் வரலாற்றுல இருந்தாத்தான் பரிசீலிக்க முடியும்னு நீங்கதான்…”

“அடி. ரூமையும் அடி, தாழ்ப்பாளையும் அடி. நம்ம கழகத்துல அப்படி ஒண்ணு இருந்ததே கிடையாது.”

அடித்தார்கள். “எழுதியவர்: ஒதிலியா” என்று மூலையில் சின்னதாகப் போட்டிருந்ததையும் அடித்து, “ஆக்கியோன்: தலைவர் அனாக்லெத்தோ” என்று போட்டார்கள். புத்தகம் வாரியத்துக்குப் போனது. மூன்றாம் நாள் ஒதிலியாவின் கோரிக்கைக்கு நான்கு ஸ்டாம்புகள் குத்திய பதில் வந்தது:

“தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. கழகத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரலாற்றின்படி, மேற்படி அறையோ அதில் தாழ்ப்பாளோ இல்லை. இல்லாத தாழ்ப்பாளை இடம் மாற்ற அனுமதி வழங்க இயலாது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

ஒதிலியா அதைப் படித்துவிட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். மடத்துக் கன்னியர் வேதாகமத்தை ஒரு வரிக்கு மூன்று முறை படிக்க வைத்தவர்கள். அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. மூன்றாவது முறை படித்தபோது அழுகை நின்றது.

அடுத்த ஆட்டத்தன்று மாலை, வழக்கம்போலச் செருமிக்கொண்டு வந்த ஏட்டின் முன்னால் அந்தக் கடிதத்தை நீட்டினாள். ஏட்டு ஸ்டாம்புகளை எண்ணினார். பிறகு படித்தார். பிறகு தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

“இது தாழ்ப்பாள் இல்லையா?”

“இல்லையாம், ஏட்டய்யா.”

“இது ரூமும் இல்லையா?”

“இல்லையாம்.”

“நாலு ஸ்டாம்பு குத்தியிருக்கு” என்றார் ஏட்டு பெருமூச்சோடு. “இல்லாத தாழ்ப்பாளப் போட்டா, நாளைக்கு என் பேர்லதான் விசாரணை வரும்.” சல்யூட் அடிக்கலாமா என்று யோசித்து, இல்லாத அறைக்கு எதற்கு என்று திரும்பிப் போனார்.

தோனா துலாவிடம் திருப்புளி இருந்தது. இல்லாத தாழ்ப்பாளை இல்லாத கதவின் உள்பக்கம் மாட்டுவதைத் தடுக்க எந்த விதியிலும் இடமில்லை. ஐந்து திருகாணிகளில் ஒன்று துருவில் உடைந்தது, நான்கு ஏறின. ஆனால் தாழ் நுழையவேண்டிய துளை கால் அங்குலம் மேலே போய்விட்டது. ஒதிலியா அடித்துப் பார்த்தாள், எண்ணெய் விட்டுப் பார்த்தாள், நுழையவில்லை. வெளியே தாழ் இல்லை, உள்ளேயும் தாழ் போட முடியவில்லை. முன்பு வெளியே போக முடியாமல் பயந்தவள், இப்போது யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாமே என்று பயந்தாள். கதவுக்குச் சுண்ணாம்பு வாளியை முட்டுக் கொடுத்துப் படுத்தாள்.

தலைவருக்கு வரலாறு எதற்கு அத்தனை அவசரமாகத் தேவைப்பட்டது என்பது அதற்கடுத்த வாரம் தெரிந்தது. வரலாறு உள்ள கழகத்துக்குச் சந்தையில் நல்ல விலை. தோன் அனாக்லெத்தோ மேல்பிரிவு இடத்தை லோஸ் ஹிகாரோஸ் என்ற ஊருக்கு விற்றுவிட்டார். எட்டு மணி நேரப் பயணம். எண்ணெய்ப்பனை வைத்துப் பணக்காரர்களான ஊர். அவர்களிடம் எல்லாம் இருந்தது, வரலாறு மட்டும் இல்லை.

ஞாயிறு காலை, பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரத்துக்குப் பதினாறு லாரிகள் வந்து நின்றன. முன்னால் இறங்கியவர் பாஸ்குவால் என்ற இஞ்சினியர். கையில் ஒதிலியாவின் கையெழுத்தில் அறுபத்திநான்கு பக்கம்.

கோல் கம்பங்களைப் பிடுங்கி ஏற்றினார்கள். தகரக் கூரையை உரித்தார்கள். மணியை இறக்கினார்கள். மாமரத்தை வேரோடு தோண்டத் தொடங்கியபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது.

“யோவ், எங்க கழகத்த எங்கய்யா கொண்டு போறீங்க?”

“எங்க கழகம்” என்று திருத்தினார் இஞ்சினியர். “ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு. ‘வரலாற்றில் கண்டுள்ள அசையும், அசையாப் பெருமைகள் அனைத்தும் சேர்த்து’. அசையாதது முடிஞ்சுது. இப்போ அசையறது. அனாக்லெத்தோ யாரு?”

“நான்தான்” என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார் தலைவர்.

“ரெண்டாவது லாரியில ஏறிக்குங்க.”

“என்னய்யா விளையாடறீங்க? நான் விக்கிறவன்!”

“கையெழுத்துப் போட்ட இடத்துல விக்கிறவரா இருக்கீங்க. பட்டியல்ல விக்கப்பட்டதுல இருக்கீங்க. ‘பிரிக்க முடியாத அங்கம்’. உங்களப் பிரிச்சு விட்டுட்டுப் போனா ஒப்பந்தத்த மீறினதா ஆயிடும், தோன். நாங்க சட்டத்துக்குக் கட்டுப்பட்டவங்க.”

லிசென்சியாதோ பால்மா ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தார். எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். எழுதியது அவரே, ஓட்டையே இல்லாமல் எழுதியிருந்தார். முதல் தடவையாகத் தன் திறமையை நினைத்து அவர் முகம் வெளுத்தது. இஞ்சினியர் பட்டியலை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மாமனார்கள், பெரியப்பாக்கள், கொழுந்தனார்கள். காப்பியில் ஊறியவர்கள் அத்தனை பேரும். “நான் கழகத்தோட ஆட்டத்தப் பாத்ததே இல்லய்யா!” என்று ஒருவர் கதறினார். “நீங்க தொடக்ககால ரசிகர்னு போட்டிருக்கு, படத்தோட” என்று காட்டினார்கள். ஏட்டு ஹெர்மினியோ தன் பெயர் வந்ததும், உத்தரவு உத்தரவுதான் என்று சொல்லி மூன்றாவது லாரியில் தானாகவே ஏறி, நிரந்தரமாக உட்கார்ந்தார்.

தோனா துலா அடுப்போடு போய் ஏறினாள். ஒதிலியா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். “நீங்க இறங்கிடுங்க தோனா. என் ரூமுக்கு வந்துடுங்க.”

“அட போடி. அந்த ஊர்க்காரனுக்கும் வயிறு இருக்கில்ல?” என்றாள் துலா. “நீ போய்க் கதவச் சாத்திக்கோ. இவனுங்க மூஞ்சி சரியில்ல.”

அவள் சொன்னது சரியாக இருந்தது. லாரிக்குத் தப்ப ஒரு வழி இருப்பது தலைவருக்குத்தான் முதலில் உறைத்தது. பட்டியலில் இல்லாத ஆள் இந்த ஊரில் ஒருத்திதான். புத்தகத்தில் இல்லாத இடமும் ஒன்றுதான். “நடுவர் அறை!” என்று கத்திக்கொண்டு ஓடினார். செயலாளர் பின்னால் ஓடினார். அவர்கள் பின்னால் வரலாறு முழுவதும் ஓடிவந்தது.

ஒதிலியா குழந்தையோடு உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினாள். வெளியே நூறு கைகள் தட்டின.

“தொற புள்ள! நான் உன் முதலாளி!”

“அம்மா, ஒதிலியா, நான் லிசென்சியாதோ! ஒரு சின்ன இடம் போதும்மா!”

“நான் உனக்குக் காப்பித்தூள் கடன் குடுத்தவன்!”

நியெவெஸ் வீறிட்டு அழுதாள். உள்ளே இருந்து தட்டினால் என்ன செய்வதென்று இந்த ஊரில் ஒரு விதி இருந்தது. வெளியே இருந்து தட்டினால் என்ன செய்வதென்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் நான்கு ஸ்டாம்பு குத்திய கடிதத்தை எடுத்து, கதவுக்கு அடியில் வெளியே தள்ளினாள்.

வெளியே காகிதம் பிரிபட்டது. செயலாளர் தன் கையெழுத்தைத் தானே படிப்பது கேட்டது: “மேற்படி அறையோ… இல்லை.”

“இல்லாத ரூமுக்குள்ள எப்படி வருவீங்க, லிசென்சியாதோ?” என்றாள் ஒதிலியா கதவிடம். அவள் வாழ்க்கையில் நிர்வாகக் குழுவிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அதற்குப் பதில் சொல்ல அவரிடம் ஸ்டாம்பு இல்லை. தோள்களால் மோதினார்கள். சான் திபுர்சியோ மக்கள் அத்தனை பேரும், தங்கள் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒன்று சேர்ந்து ஒரே இலக்கை நோக்கி மோதினார்கள். மோதிய வேகத்தில் கதவு கீல் முளையிலிருந்து கால் அங்குலம் மேலே எழும்பியது. தாழும் துளையும் நேருக்கு நேர் வந்தன.

ஒதிலியா தாழை அழுத்தினாள். ஒரு கிறீச். அப்புறம் ஒரு டக்.